பத்திரிகையில் வியட்நாம்

என் தம்பி என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. பேசாவிட்டால் போகட்டும். அவன் கல்யாணத்தில் நான் அவன் மானத்தை வாங்கிவிட்டேனாம். கல்யாணம் ஒன்றும் நின்றுபோகவில்லை, தாலி கட்டினான், விருந்து நடந்தது, அவன் பெண்டாட்டி இப்போது முழுகாமல் இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். ஆனாலும் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "நீ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமல்லோ" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்று ஒருத்தராவது கேட்கிறார்களா? இல்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

நாமக்கல்லில், லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வியட்நாம் சாப்பாடு. ஆறு மேசை, இருபது குட்டை பிளாஸ்டிக் முக்காலி, வாசலில் பெரிய அண்டா, அவ்வளவுதான். ஏசி இல்லை, சுவரில் மூங்கில் படம் இல்லை. வெல்டிங் அடிக்கிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், லாரி விட வந்த டிரைவர்கள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், இவர்கள்தான் என் ஆட்கள். மெஸ்ஸில் ஒரு சாப்பாடு என்ன விலையோ அதைவிடக் குறைந்த காசில் வயிறு நிறையும்.

வியட்நாம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர். அங்கே ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்து ஏழு வருஷம் குடியிருந்தோம். எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு பொம்பளை விடியும்போதே அண்டாவை ஏற்றிவிடுவாள். வேலைக்குப் போகிற சனமெல்லாம் அதைச் சுற்றி முக்காலி போட்டு உட்கார்ந்து சூப்பும் அரிசி நூலும் சாப்பிட்டுவிட்டுப் போகும். அவள் எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, என் பாஷையும் தெரியாது. நான் மாடியிலிருந்து பார்த்ததை வீட்டில் செய்து, கெடுத்து, கொட்டி, மறுபடி செய்து கற்றுக்கொண்டேன். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் கருக்கிப் போட வேண்டும் என்பது புரியவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அங்கே நான் பார்த்து வாயைப் பிளந்த விஷயம் கோழி. இளங்கோழி அங்கே மலிவு. முட்டை போட்டு ஓய்ந்துபோன கோழிக்குத்தான் கிராக்கி. இளங்கோழிக் கறியில் கடிக்க ஒன்றுமில்லை, பஞ்சு என்று ஒதுக்குவார்கள். ஓய்ந்த கோழியை நாலைந்து மணி நேரம் சின்னத் தீயில் விட்டால் கறி கெட்டியாக நின்று, சாறு மட்டும் பொன்னிறத்தில் இறங்கும். அதைப் பார்த்த அன்றைக்கே எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ சாமி, அந்தக் கோழியை லாரி லாரியாக வெளியூருக்கு ஏற்றி விடுகிற ஊர்க்காரி அல்லவா நான்!

என் தம்பிக்கே புதுச்சத்திரம் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கூண்டில் ஒன்றரை வருஷம் போல முட்டை போட்டதும் கோழியைக் கழித்துவிடுவார்கள். உள்ளூரில் அதை யாரும் வாங்கிச் சமைக்க மாட்டார்கள், கௌரவக் குறைச்சல். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். ரோட்டோரம் சிவப்பாகப் பொரித்து நாட்டுக்கோழி என்று விற்கிறார்களே, அதில் பாதி எங்கிருந்து வருகிறது? பின்வாசல் வழியாக வருகிறது. எனக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும், சாப்பிடுகிறவனுக்கும் தெரியும். பெயரை மாற்றிப் போட்டால் ஒருத்தருக்கும் பேதியாகாது.

நான் பெயரை மாற்றிப் போடவில்லை. கடை திறந்த அன்றைக்கே பெயின்டர் ஒருவரைக் கொண்டு, "முட்டை ஓய்ந்த கோழி சூப்பு, சந்தகை போட்டது" என்று பலகை எழுதி வாசலில் மாட்டினேன். சந்தகை எங்கள் பக்கத்து இடியாப்பம். அவர்கள் ஊர் அரிசி நூலுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. எழுதிக் கொடுத்த பெயின்டரே தூரிகையை நிறுத்திவிட்டு, "ஏனுங்கக்கா, ஓய்ந்தங்கறத உட்டுப்போடலாமுங்களா? படிச்சா ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். "அத உட்டா நான் எதுக்குக் கடை வெக்கறேன், எழுதுங்க" என்றேன். இன்றைக்கு அவர்தான் என் கடையில் தினமும் இரண்டு கிண்ணம் குடிக்கிறவர்.

ஆரம்பத்தில் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அரிசித் தாளில் காய்கறியும் முட்டையும் சுருட்டித் தருவேன். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும். ஒரு டிரைவர் அந்தத் தாளை நகத்தால் கீறி உரித்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "கவர எடுத்துட்டுக் குடுக்கக் கூடாதுங்களா?" என்று என்னையே கேட்டார். சூப்போடு ஒரு தட்டு நிறையப் புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை, முளைவிட்ட பயறு வைப்பேன், கிள்ளிப் போட்டுச் சாப்பிட. ஒருத்தர் அத்தனையையும் பையில் வாரிக்கொண்டு ஆட்டுக்கு ஆகும் என்று போய்விட்டார். முட்டைக் காபி என்று ஒன்று உண்டு, மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபி மேல் ஊற்றுவது. முட்டையைத் தின்று முட்டையை விற்று முட்டையில் வீடு கட்டின ஊர், அந்தக் காபியைக் கண்டு மூக்கைப் பொத்துகிறது. என்னத்தைச் சொல்ல!

ஆனால் வந்தார்கள். மூன்று வருஷத்தில் பழகிவிட்டார்கள். தம்பியும் சந்தோஷமாகத்தான் இருந்தான். வாரம் ஒரு நாள் அவன் பண்ணையில் கழித்த கோழிகளைக் கூண்டில் ஏற்றி அவனே எனக்குக் கொண்டுவருவான். இறக்கிவிட்டு இரண்டு கிண்ணம் சூப்புக் குடிப்பான், மூக்கில் வியர்க்க வியர்க்க. "அக்கா, இந்தக் கோழிக்கு இத்தன ருசி இருக்குதுன்னு நானே இத்தன நாளா தெரிஞ்சுக்கலியே" என்று சொன்னவன் அவன்தான்.

அவனுக்குப் பெண் தேடினோம், தேடினோம், அப்படித் தேடினோம். முப்பத்தாறு வயது ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளைகள் நிலைமை இதுதான். காடு இருக்கிறதா, கார் இருக்கிறதா என்று கேட்ட காலம் போய், பண்ணை என்றதும் நாற்றம் என்று பெண்ணே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எத்தனை ஜாதகம் திரும்பி வந்தது என்று எண்ணுவதை அம்மா விட்டுவிட்டாள். ஒரு நாள் திடீரென்று மேச்சேரிப் பக்கம் ஒரு இடம் கூடிவிட்டது என்று போன் வந்தது. பெண் படித்தவள், அப்பாவுக்கு ஆட்டு வியாபாரம், நல்ல குடும்பம். நிச்சயம் முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்துவிட்டதா? கூடப் பிறந்த அக்கா நான் இல்லாமலா? "நல்ல நாளு தவறிப்போயிரும்னு சட்டுனு பண்ணீட்டோம் சாமி, நீ கடைய உட்டுட்டு எங்க வரப்போறே" என்றாள் அம்மா. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவனுக்கு ஒரு வழியாகப் பெண் கிடைத்ததே என்று அதை விழுங்கிக்கொண்டேன். இதுதான் நான் பொறுத்துக்கொண்டது, ஒன்று.

பத்திரிகையை முதலில் எனக்குக் காட்டியது என் பெயின்டர். தம்பியின் பண்ணை லாரிக்கு பெயின்ட் அடித்தவர் என்பதால் அவருக்கும் அழைப்பு போயிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மேசையெல்லாம் ஆள் இருக்கும்போது, பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு மறுபடியும் வெளிநாடு போயிட்டாருங்களா?"

"இல்லியே, காலைல இட்லி தின்னுட்டு மில்லுக்குப் போனாரு. ஏன்?"

"இல்லீங், இதுல வியட்நாம்னு போட்டிருக்குதுங்களே."

எங்கள் பக்கத்துப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள். அழைப்பது யார், வரவேற்பது யார், தாய்மாமன் யார், அக்கா மாமா யார் என்று நாற்பது பெயர் இருக்கும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பிறைக்குறிக்குள் ஊர் இருக்கும். ராசிபுரம், மல்லூர், ஆட்டையாம்பட்டி. ஊரைத் தப்பாகப் போட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் அதில் இருந்தது. பக்கத்தில், தங்க எழுத்தில், பிறைக்குறிக்குள், வியட்நாம்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அச்சுப் பிழையாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளக்கூட முடியவில்லை. நாமக்கல் என்று எழுதப்போய்க் கை தவறி வியட்நாம் என்று விழுமா? நான் நிச்சயத்துக்கு அழைக்கப்படாததன் காரணம் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

தம்பி அன்று சாயங்காலம் வந்தான். நான் கூப்பிட்டதால் வந்தான், வழக்கம்போல ஒரு கிண்ணம் சூப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏன்டா, நான் எந்த ஊர்ல இருக்கறேன்?" என்றேன்.

"அக்கா, கத்தாத. ஆளுக சாப்பட்டுட்டு இருக்கறாங்க."

"சாப்படட்டும். நான் எந்த ஊர்ல இருக்கறேன்னு சொல்லு."

"புரோக்கர் அப்பிடிச் சொல்லிப்போட்டாருக்கா. அக்காளும் மாமனும் வெளிநாட்டுலன்னு. அவங்களுக்கு அது புடிச்சுப்போச்சு. நான் மாத்திச் சொல்லல, அவ்வளவுதான்."

"புரோக்கர்தான் பத்திரிகை அடிச்சானா?"

அவன் பலகையைப் பார்த்தான். "இதப் போயி நான் எப்பிடிக்கா அவங்ககிட்டச் சொல்றது? எங்கக்கா பட்டறைத் தெருவுல கெழட்டுக்கோழி சூப்பு விக்கறான்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

கெழட்டுக்கோழி. என் அண்டாவுக்கு முன்னால், என் முக்காலியில் உட்கார்ந்து மூன்று வருஷமாக அதைக் குடித்துவிட்டு, அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை.

"அந்தக் கெழட்டுக்கோழி போட்ட முட்டையிலதான்டா நீ காரு வாங்குன" என்றேன். "உனக்கு முட்டை வேணும், போட்ட கோழி வேண்டாம். அப்பிடித்தான?"

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தான். பத்து நாள் கடையைச் சாத்த வேண்டும். பலகையைக் கழற்ற வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் நானும் என் வீட்டுக்காரரும் கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து வருகிற மாதிரி வாடகைக் காரில் வந்து இறங்க வேண்டும். சூட்கேஸ் அவனே வாங்கித் தருவான். பெண் வீட்டுக்குக் கொடுக்க வெளிநாட்டு சாக்லேட் டப்பா ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டான், சேலத்தில்.

"கல்யாணம் முடிஞ்சப்பறம் மெதுவா நான் சொல்லிக்கறேன். இல்லீன்னா..." என்று இழுத்தான்.

"இல்லீன்னா?"

"இல்லீன்னா இணைச்சீருக்கு பெரியப்பன் ஊட்டு அக்காவ நிக்கச் சொல்லோணும். வேற என்ன பண்றது."

இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையை நிறுத்தி, பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவளை நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்து, சீர் செய்து வைக்கிற பெரியவர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்வார். நீ வேறு வீட்டுக்குப் போய்விட்டாலும் இந்த வீட்டில் உனக்கு இடம் இருக்கிறது என்று ஊர் முன்னால் சொல்வது அது. கூடப் பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குத்தான் பெரியப்பன் மகள், சித்தப்பன் மகள் என்று தேடுவார்கள். அக்கா உயிரோடு, தாலியோடு, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது இன்னொருத்தி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சபையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்பா போன பிறகு அந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு இடம்தான். அதை வைத்து என்னிடம் பேரம் பேசினான்.

"எந்திரிச்சுப் போடா" என்றேன். போனான். கிண்ணத்தில் பாதி சூப்பு அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் சண்டை என்றால் சுவர் ஓரமாக நடக்கிறவர். "பத்து நாளுதான, உடு. நாமளும் எங்கயும் போகல. அவன் சொல்றாப்பல கோயமுத்தூர் போயி ரெண்டு நாள் சுத்தீட்டு காருல வந்து எறங்குவம்" என்றார். "சாக்லேட் டப்பாவ நீங்க தூக்கிக்கிறீங்களா, நான் தூக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

நாலைந்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும்போது நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இவர் மில்லுக்குப் போவார், நான் மாடியில் நின்று தெருவைப் பார்ப்பேன். அந்த ஏழு வருஷம் இவர்களுக்குப் பெருமை. திரும்பி வந்து, என் கையால் அண்டா ஏற்றி, நாலு பேருக்கு வேலை கொடுத்து, தெருவே மூக்கைப் பொத்தினபோதும் கடையைச் சாத்தாமல் நடத்தின இந்த மூன்று வருஷம் இவர்களுக்குக் கேவலம். சும்மா நின்றவளுக்கு மரியாதை, உழைத்தவளை மறைத்து வைக்க வேண்டும். இது என்ன கருமம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அப்புறம் அம்மா வந்தாள். அவள் அதுவரை என் கடைக்கு வந்ததே இல்லை. பஸ்ஸில் வந்து, விசாரித்துக்கொண்டு, பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தாள். முக்காலியைப் பார்த்து, "இதுல உக்காந்தா எந்திரிக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்று திட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு கிண்ணம் வைத்தேன். கொஞ்ச நேரம் சந்தகையைத் தள்ளிக்கொண்டே இருந்தவள், பிறகு முழுவதும் சாப்பிட்டாள். "நல்லாத்தான சாமி இருக்குது, இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்குது" என்றாள்.

"அத உம் மகன்கிட்டச் சொல்லு."

"சொல்லிட்டேன். உன்ற எடத்துல இன்னொருத்தி நின்னா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டேன். நீ என்ன சொல்றியோ அதை அவங்கிட்டச் சொல்றேன். ஆனா நீ நிக்கோணும் சாமி."

நான் மூன்று விஷயம் சொன்னேன். பலகை கழறாது. கடை இரண்டு நாள் மட்டும் விடுமுறை. மூன்றாவது, முக்கியமானது: கல்யாணத்துக்கு முன்னால் அவன் மேச்சேரிக்குப் போய்ப் பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொள்கிறவன் பொய்யில் ஆரம்பிக்கக் கூடாது என்று நான் உபதேசம் செய்யவில்லை. எனக்கு வேண்டியது என் ஊர் நாமக்கல் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். மறு வாரம் தம்பியே போன் செய்தான்.

"சொல்லீட்டன்க்கா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதனால என்னங்க மாப்ளன்னு சிரிச்சாங்க. நீ வா."

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவனைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். "தம்பி கல்யாணம், இரண்டு நாள் கடை இல்லை" என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பட்டறைத் தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. நானும் என் வீட்டுக்காரரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினோம்.

மண்டபத்தில் ஒறம்பரை, சொந்தக்காரர்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு, "அந்த ஊரு தண்ணிக்குக் கலரு கொறஞ்சுபோச்சு" என்றாள். மூன்று வருஷமாக நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தெரிந்த பெரியப்பன் மகள் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். எங்கோ இடித்தது. ஆனால் கல்யாண வீட்டில் ஆயிரம் பேச்சு, எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ள முடியுமா என்று விட்டுவிட்டேன். அன்று பெண் வீட்டார் இருந்த பக்கம் நான் போகவுமில்லை. தம்பி ஏதாவது வேலை சொல்லி என்னை இந்தப் பக்கமே வைத்திருந்தான். அதுவும் அப்போது உறைக்கவில்லை. மடச்சி.

விடிந்ததும் இணைச்சீர். குளித்து, பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்றேன். எத்தனை கோபம் இருந்தாலும் அந்த இடத்தில் நிற்கும்போது நெஞ்சு நிறைந்துதான் போகிறது. அம்மா கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் சேலையைப் பிரித்து ஒரு முனையை அவனிடம் கொடுத்தார், மறுமுனையை என் கையில் கொடுத்தார். தேங்காய் பழத் தட்டை எடுக்க அவர் குனிந்த நேரத்தில், பெண்ணின் அம்மா இன்னும் இரண்டு பெண்களோடு எங்கள் சீரைப் பார்க்க மேடை ஓரத்துக்கு வந்தார். நல்ல முகம். சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, ஃப்ளைட்டுல வந்தது ஒடம்புக்கு ஒத்துக்குச்சுங்களா? முந்தாநேத்து எறங்குனீங்கன்னு மாப்ள சொன்னாருங்க. அத்தன தூரத்துல இருந்து தம்பிக்கோசரம் வந்திருக்கறீங்களே."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடியே, உதடு அசையாமல், "அக்கா, தலைய மட்டும் ஆட்டு" என்றான்.

தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆட்டியிருந்தால் அம்மாவுக்கு நிம்மதி, அவனுக்கு நிம்மதி, எனக்கு என் இடம். ஆட்டினால் அந்த இடத்தில் நிற்பது யார்? ஏழு வருஷம் மாடியில் சும்மா நின்ற ஒருத்தி. கடைக்காரி அங்கே இல்லை. என்னை வெளியே நிறுத்திவிட்டு என் சேலையையும் என் பூவையும் மட்டும் உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறான். போனில் அழ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மண்டைக்கு ஏறியது எனக்கு. ஆனால் குரல் உயரவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

"ஃப்ளைட்டு இல்லீங்க. நாமக்கல்லுல இருந்து டவுன் பஸ்ஸுல வந்தனுங்க" என்றேன்.

"நாமக்கல்லுங்களா? அங்க ஆரு ஊட்டுக்கு வந்திருந்தீங்க?"

"என்ற ஊடே அங்கதானுங்க. திரும்பி வந்து மூணு வருசமாச்சு. பட்டறைத் தெருவுல சூப்புக்கடை வெச்சிருக்கறனுங்க."

அந்த அம்மாள் சிரிப்பை மாற்றாமலே என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி உரக்கச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவனிடம் கேட்டதே இல்லை. "எங்கக்கா எப்பவுமே இப்பிடித்தானுங்க அத்தை. தமாசுக்காரி. வெளையாட்டுக்குச் சொல்றா."

வெளையாட்டா? அடேய், என் மூன்று வருஷம் உனக்குத் தமாசா?

"வெளையாட்டு இல்லீங்க" என்றேன். "முட்டை ஓஞ்ச கோழியில வெக்கற சூப்புங்க. கோழியெல்லாம் உங்க மாப்ள பண்ணையில இருந்துதான் வாருது. வாராவாரம் அவரே கூண்டுல ஏத்திக் கொண்டாந்து எறக்கீட்டு, ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டுத்தான் போவாரு. ஒரு நாளைக்கு நீங்களும் வாங்க, சாப்பட்டுப் பாருங்க."

பெரியவர் தட்டோடு நிமிர்ந்தார். சேலையின் என் பக்கத்து முனையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். அவன் பக்கத்து முனை தரையில் கிடந்தது.